பதினைந்தாவது எடை

ஜனவரி 3

சின்னவளுக்கு,

அண்ணியும் நானும் நலமாக வந்து சேர்ந்தோம். நீ நலமா என்பது உன் பதிலின் முதல் வரியில் இருக்க வேண்டும். கடிதம் என்றால் முதலில் நலம், பிறகுதான் செய்தி. தொலைபேசியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பத்தில் இந்த ஒழுங்கையும் விட்டுவிட்டால் நமக்கென்று எதுவும் மிஞ்சாது.

எடை அளவைச் சோதனை அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பை நேற்று ஏற்றுக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த நாற்காலி. உட்கார்ந்ததும் ஒரு கால் ஆடியது. மடித்த காகிதம் ஒன்றை அடியில் செருகிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வாடகை வீட்டுக்காரர் இன்னும் இணங்கவில்லை. "உயிருள்ளது எதுவும் கூடாது" என்கிறார். சத்தமில்லை, முடி உதிர்வதில்லை, சொந்த வீட்டைத் தாமே சுமந்து வருகின்றன என்று எடுத்துச் சொன்னேன். "சார், வழவழன்னு எதுவும் வேணாம்" என்று முடித்துவிட்டார். ஆகவே பதினான்கு நத்தைகளும் மரவட்டையும் குச்சிப்பூச்சியும் உன் பொறுப்பு.

இத்துடன் முப்பத்தொரு விதிகளை இணைத்திருக்கிறேன். முக்கியமானவற்றை இங்கேயும் சொல்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நத்தைகளுக்காகவே சொல்லப்பட்டது. முட்டை ஓட்டுத் தூள் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், பித்தளைத் தராசில், பதினான்கையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். நான்கு நாட்களுக்குள் எடைகள் எனக்கு எழுத்தில் வர வேண்டும்.

பதினொரு ஆண்டுகள், நூற்று முப்பத்திரண்டு மாதங்கள், ஒரு மாதம்கூட விடுபடாத பதிவேடு அது. இங்குள்ள இயற்கையியல் சங்கம் செப்டம்பர் கூட்டத்தில் அதை வாசிக்க என்னை அழைத்திருக்கிறது. பல்கலைக்கழகங்களிலேயே அப்படியொரு தொடர்ச்சி இல்லை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவன்

*

ஜனவரி 14

அண்ணனுக்கு,

நான் நலம், நீங்களும் அண்ணியும் நலமா? முதல் வரியிலேயே எழுதிட்டேன், பார்த்தீங்களா?

உங்க விதிகளைத் தொட்டி மேல வச்சுட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தா நீதிபதி நாலாவது விதியைத் தின்னுக்கிட்டு இருக்கார். மூலையிலிருந்து ஆரம்பிச்சு "கூடாது"ங்கிற வார்த்தை வரைக்கும் முடிச்சிட்டார். மேல்முறையீடு பண்ண முடியாத தீர்ப்பு. அது என்ன விதின்னு மறுபடி எழுதி அனுப்புங்க.

கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் வந்து ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"இதுக்குப் பேரு வளர்ப்புப் பிராணியா? கூப்பிட்டா வருமா?"

"வரும். அடுத்த வாரம்."

அதோட விடல அவர். இந்த ஆறு குட்டியும் யார் போட்டதுன்னு கேட்டார். நீதிபதி போட்டதுன்னேன். "ராணின்னு ஒண்ணு இருக்கே, அது சும்மாவா இருக்கு? நீதிபதி பிள்ளை பெத்தாரா?"ன்னு ஒரே சிரிப்பு. நத்தைல ஆண், பெண் ரெண்டும் ஒண்ணேதான்னு விளக்கினேன். யோசிச்சுப் பார்த்துட்டு, "அப்போ வீட்டுல சண்டையே வராது"ன்னார். அவரு பெருமூச்சு விட்டதுல தொட்டிக் கண்ணாடியே மங்கிப் போச்சு.

மரவட்டைக்கு ரயில்னு பேர் வச்சிருக்கேன். குச்சிப்பூச்சி சந்நியாசி.

நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டுல, நூல் பிசகாம வெட்டுறவ நான். சட்டைக் கூடத்துல எனக்கு மேல கட்டிங் மாஸ்டர் கிடையாது. பதினாலு நத்தையை நிறுக்கத் தெரியாதா? எடை எல்லாம் பின்பக்கத்துல இருக்கு. குட்டிங்கள்ல கனமானவன் பியூன், 7.1 கிராம். சோம்பேறிதான் எல்லாரையும்விட வேகமா ஓடுறான், அவன் பேரை மாத்தணும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

சின்னவள்

*

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

இருவரும் நலம். நீ நலம் என்று எழுதியது கண்டு மகிழ்ந்தேன்.

பெயர் மாற்றம் கிடையாது, பதிவேடு குழம்பும். நான்காவது விதி, தொட்டியின் மேல் காகிதம் வைக்கக் கூடாது என்பது.

பிப்ரவரி எடைகளும் வந்தன. முந்தைய பதினொரு ஆண்டுகளின் வளர்ச்சிக் கோட்டோடு ஒப்பிட்டேன். ஓரிடத்தில்கூடத் துருத்தவில்லை. என் கையால் நிறுத்தது போலவே இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன். "உங்க கையைவிட அவ கை நல்ல கை" என்றாள். இதை உன்னிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எழுதாவிட்டால் தானே எழுதிவிடுவதாக மிரட்டுகிறாள்.

இங்கு வந்த முதல் மாதத்திலேயே பதினேழு பொய்த் தராசுகளுக்கு முத்திரை வைத்து மூடினேன். மீன் சந்தையில் ஒருவர், "அஞ்சு கிராம்தானே சார், காத்தடிச்சாலே வரும்" என்றார். காற்றுக்கும் சேர்த்து முத்திரை வைத்துவிட்டு வந்தேன். முப்பது ஆண்டுகளாக என்னைத் திட்டாத சந்தை இல்லை. என் முத்திரையைச் சந்தேகித்த சந்தையும் இல்லை.

உன் எடைகளை என் முத்திரையோடு வாசிக்கப் போகிறேன். அது சிறிய காரியம் என்று எண்ணிவிடாதே.

பெரியவன்

*

மார்ச் 8

அண்ணனுக்கு,

உங்க ரெண்டு பேர் நலத்துக்கும் என் வேண்டுதல். இங்கே எல்லாம் அப்படியே இருக்கு.

மார்ச் எடை: நீதிபதி 41.6. பியூன் 9.2, ராஜ வளர்ச்சி. மத்ததெல்லாம் பின்பக்கம். கேரட் போட்டா மறுநாள் கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறத்துல கோலம் போட்டு வைக்குதுங்க. வெள்ளரி போட்டா பச்சை. மறைக்கத் தெரியாத ஜென்மங்க, என்ன தின்னுச்சுன்னு ஊருக்கே சொல்லிடும்.

பூட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுல யாருமே இல்லாம பல நாள் போயிட்டா இதுங்க என்ன ஆகும்னு. ஓட்டை மூடிக்கிட்டுத் தூங்கும்னு நீங்க ஒரு தடவை சொன்னதா ஞாபகம். எத்தனை நாள் தாங்கும்? அதுங்களாவே தூங்குமா, நாம தூங்க வைக்கணுமா? குட்டிங்களும் தாங்குமா? அவர்தான் கேட்டார். மனுஷனுக்கு எதையும் பாதியில விடத் தெரியாது. நீங்களும் பாதியில விடாம எழுதுங்க.

அடுத்த மாசம் கூடத்துல வேலை அதிகம். கடிதம் முன்னே பின்னே ஆனா கோவிச்சுக்காதீங்க.

அண்ணி கை நல்ல கைன்னு நானும் சொன்னேன்னு சொல்லுங்க.

சின்னவள்

*

மார்ச் 13

சின்னவளுக்கு,

இங்கு குறையொன்றுமில்லை. நீ "எல்லாம் அப்படியே" என்று எழுதியிருக்கிறாய். நலம் என்ற சொல் அதைவிடச் சிறியது, எழுதுவதும் எளிது.

பூட்டுக்காரரின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். விடை இது. நத்தையை உறங்க வைக்கலாம். வேண்டுமென்றே செய்வதானால் தெளிப்பதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த வாரம் முட்டை ஓட்டுத் தூளை இருமடங்காக்கி, வயிறு நிறைய உண்ண விட வேண்டும். பிறகு ஈர மண்ணை அகற்றி, உலர்ந்த சருகு பரப்பி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வெயில் படாமல் வைக்க வேண்டும். இரண்டு நாட்களில் ஒவ்வொன்றும் உள்ளே சுருங்கி, வாயிலில் காகிதம் போன்ற மெல்லிய சவ்வை இழுத்து மூடிக்கொள்ளும். எல்லாம் மூடிவிட்டனவா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அரைகுறையாக மூடியது பிழைக்காது. நன்றாக மூடியது இரண்டு மாதம் தாங்கும், குட்டிகளும்தான். எழுப்புவதற்கு வெதுவெதுப்பான நீரை ஓட்டின் மேல் துளித்துளியாக விட்டால் போதும்.

ஆனால் இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர்கள் செய்யும் வேலை. எடை குறையும், வளர்ச்சி நிற்கும், பதிவேடு அறுபடும். பதினொரு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. என் வீட்டில் அது நடக்காது என்று பூட்டுக்காரரிடம் சொல்.

பெரியவன்

*

ஏப்ரல் 1

நீதிபதி 42.1
ராணி 39.0
கணக்கர் 36.4
மேஸ்திரி 37.8
டாக்டரம்மா 35.2
சோம்பேறி 40.5
சமையல்காரர் 33.9
தபால்காரர் 34.6
பியூன் 10.4
கொசுறு 9.1
சுண்டு 8.8
மிளகு 8.0
பித்தான் 7.7
கடுகு 6.9

*

ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை அறிய வழியில்லை. உன் அஞ்சலட்டையில் பதினான்கு எண்கள் இருந்தன, உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்தும் இல்லை. வரிகள் சரிந்து ஓடியிருந்தன. அதன் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

வேலை அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தாய், ஒப்புக்கொள்கிறேன். எனினும் பதினான்கு எண்களை எழுதிய கை மேலும் ஒரு சொல்லை எழுதியிருக்கலாம்.

எடைகள் பதிவேட்டில் ஏறிவிட்டன. நூற்று முப்பத்தாறாவது மாதம். தொடர்ச்சி காக்கப்பட்டதில் எனக்குப் பெருமைதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவன்

*

மே 18

அண்ணனுக்கு,

நான் நலம். நல்லாவே இருக்கேன். கோபத்தைத் தராசுல வச்சுட்டு இதைப் படிங்க. அண்ணி முட்டி வலி எப்படி இருக்கு?

பதில் போடாதது என் தப்புதான். கூடத்துல எனக்கு உயரமான ஸ்டூல் ஒண்ணு கொடுத்திருக்காங்க, இப்போ உட்கார்ந்தேதான் வெட்டுறேன். இருபத்தஞ்சு வருஷம் நின்னாச்சு, போதும். ராணி மாதிரி இருக்கு. நான் சொல்றது நம்ம ராணி இல்ல, நிஜ ராணி.

ரயிலும் சந்நியாசியும் கீழ்வீட்டுக்குக் குடிபோயிட்டாங்க. கொஞ்ச நாள் பார்த்துக்கோங்கன்னு கொடுத்தேன், இப்போ திருப்பித் தர மாட்டேங்கிறார். "இந்தச் சந்நியாசி ஒருத்தன்தான் என் பேச்சைக் குறுக்கே பேசாம கேக்குறான்"ங்கிறார். மண் மூட்டையை அவரே மாடிக்குத் தூக்கிட்டு வந்து கொடுத்தார், வட்டிக்குன்னு.

மே ஒண்ணாம் தேதி எடை பின்பக்கம் இருக்கு. அனுப்பத்தான் தாமதமாயிடுச்சு. எடை குறைஞ்சிருக்கும். பித்தளைத் தராசு என்ன காட்டுச்சோ அதுதான். பியூன் போட்டோவும் வச்சிருக்கேன், பக்கத்துல அடிக்கோல் வச்சு நேத்து எடுத்தது. என்ன அழகு பாருங்க. தலையைத் தூக்கிக்கிட்டு, நாலு கொம்பையும் நீட்டி, தலைமை அதிகாரி மாதிரியே நிக்கிறான்.

சின்னவள்

*

மே 27

சின்னவளுக்கு,

நலம். நீயும் நலம் என்று இம்முறை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். ஆகவே உடல்நிலையைப் பற்றிக் கவலைப்படாமல் மற்றதைப் பேசலாம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நீதிபதியின் எடை 42.1. மே ஒன்றாம் தேதி 36.2. பியூன் 10.4இலிருந்து 7.9. மார்ச்சில் இருந்ததைவிடவும் குறைவு. பதினான்கும் குறைந்திருக்கின்றன. உனக்கு எழுதுவதற்கு முன் புகைப்படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன்.

வளரும் நத்தை தன் ஓட்டை விளிம்பிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டே போகும். உணவும் ஈரமும் பல வாரங்கள் நின்றால் கட்டுமானமும் நிற்கும். மீண்டும் தொடங்கும்போது, நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு ஆயுளுக்கும் அழியாது. பியூனின் ஓட்டில் அப்படி ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு அப்பால், வெளிறிய புது ஓடு அரை விரலளவு மட்டுமே வளர்ந்திருக்கிறது.

ஆகவே, மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை அவை உண்ணவில்லை, வளரவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி அவற்றை நீ நிறுக்கவும் இல்லை. முந்தைய மாதத்தோடு கொஞ்சம் கொஞ்சம் கூட்டிப் பதினான்கு எண்களைப் புனைந்திருக்கிறாய். நான் அவற்றை என் கையால் பதிவேட்டில் ஏற்றினேன். பெருமைப்படுவதாகக் கடிதமும் எழுதினேன்.

நான் சத்தம் போடுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஐந்து கிராம் பொய் சொன்ன தராசுகளை மூடியே வாழ்ந்தவன். மீன் சந்தைக்காரரிடம் ஒரு நியாயமாவது இருந்தது, காற்று என்றார். உன்னிடம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

என் பழைய அலுவலகத்தின் ஆய்வக உதவியாளர் ஜூன் 15 காலை பத்து மணிக்குப் பெட்டியுடன் வருவார். பதினான்கையும் அவரிடம் ஒப்படைத்துவிடு. பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இடம் கேட்டிருக்கிறேன். வரும்போது ஓடுகளைப் படம் எடுத்து ஓர் அறிக்கையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தராசை நீயே வைத்துக்கொள். அது பொய் சொல்லவில்லை.

பெரியவன்

*

ஜூன் 6

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா இருக்கணும்.

நீங்க கண்டுபிடிச்சது சரி. ஏப்ரல் எண்கள் நான் மனசுல போட்டு எழுதினது. உங்க பதிவேடு அறுந்துடக் கூடாதுன்னுதான் எழுதினேன். அது தப்பு. மே ஒண்ணாம் தேதியும் அப்படியே கூட்டி எழுதியிருக்கலாம். தராசுக்கு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு முடியல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒருத்தரும் பட்டினி கிடக்கல. பதினாலு பேரும் இருக்காங்க. ஒருத்தர்கூடக் குறையல. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க.

உதவியாளர் வர்றதுக்குள்ள தொட்டியைத் துடைச்சு வைக்கிறேன். நீதிபதிக்குக் கேரட் பிடிக்காது, வெள்ளரிதான். சுண்டு மத்தவங்க முதுகுல ஏறித்தான் தூங்கும், பிரிச்சு வைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துல சொல்லிடுங்க.

வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நியாயம் கேட்க மாட்டேன்னு நீங்களே எழுதிட்டீங்க.

சின்னவள்

*

ஜூன் 21

சின்னவளுக்கு,

இம்முறை நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே அதைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன்.

ஆய்வக உதவியாளர் திரும்பிவிட்டார். பெட்டி காலியாக வந்தது. அறிக்கையின் முதல் வரி: "எடுத்து வரச் சொன்னீர்கள். இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை." ஓய்வு பெற எட்டு மாதமே உள்ளவர், இனி என் கோபம் அவரை ஒன்றும் செய்யாது என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்.

உங்கள் உரையாடலையும் அப்படியே குறித்திருக்கிறார்.

"இவ்வளவு சுத்தமாத் தூங்க வைக்க எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"அண்ணன் கடிதத்துல. இந்தாங்க, படிங்க."

"அவர் செய்யவே கூடாதுன்னுல்ல எழுதியிருக்கார்?"

"ஒரு வேலையை ஏன் செய்யக் கூடாதுன்னு இவ்வளவு விவரமா எழுதினா, எப்படிச் செய்யணும்னு தானா தெரிஞ்சுடும் சார்."

அண்ணி இதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பிறகு படங்களைப் பார்த்தோம். ஆறு குட்டிகளின் ஓடுகள். ஆறிலும் கோடு. ஆறிலும் மெல்லியதாக, நேராக, ஒரே நாளில் இழுத்தது போல. கவனிப்பாரற்றுக் கிடந்த நத்தைகளின் ஓடு அப்படி இருக்காது. ஈரம் தேடி அலைந்தது ஒருவிதமாக, விளிம்பு உடைந்தது ஒருவிதமாக, செத்தது ஒருவிதமாக இருக்கும். அலட்சியம் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் ஈரத்தைக் குறைத்து, வயிறு நிறைய ஊட்டி, பதினான்கு வாயில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மூட வைத்த ஒரு கை அங்கே இருந்திருக்கிறது. நாற்பது அடுக்கை ஒரே வெட்டில் வெட்டும் கை.

அப்படியானால் அந்தக் கைக்கு ஆறு வாரம் எங்கே வேலை?

அதற்கு மேல் என் மூளை நகரவில்லை. அண்ணிதான், "அந்த ஏப்ரல் கார்டை எடுங்க" என்றாள். எடுத்தேன். எண்களைப் பார்த்தேன். "எண்ணைப் பார்த்தது போதும், திருப்புங்க" என்றாள். முகவரிப் பக்கத்தில், அஞ்சல் தலையின் மேல், தெளிவாக விழுந்திருந்தது முத்திரை: மருத்துவமனைச் சாலை அஞ்சலகம்.

முப்பது ஆண்டுகளாக முத்திரை பார்த்தே பிழைத்தவன், அந்த ஒரு முத்திரையைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லாக் கடிதங்களையும் வரிசையாக அடுக்கி வாசித்தேன். மார்ச்சில் பூட்டுக்காரர் கேட்ட கேள்வி. "எல்லாம் அப்படியே இருக்கு." சரிந்து ஓடிய வரிகள். மே மாதத்து ஸ்டூல். மாடிக்கு வந்த மண் மூட்டை. உதவியாளரை நீ வாசல்வரை வந்து வழியனுப்பவில்லையாம், மன்னிக்கச் சொன்னாயாம். தபால்காரர் வந்தால்கூடத் தெருமுனைவரை பேசிக்கொண்டே போகிறவள் நீ. இவை அனைத்தும் என் கண் முன்னே, என் கையெழுத்தில் வரிசை எண் இடப்பட்டு, கோப்பில் இருந்தன. நான் நத்தையின் ஓட்டை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. அந்த அட்டையில் நலம் என்ற சொல் இல்லை என்று உன்மேல் குறைபட்டேன். படுக்கையில் கிடந்தபடி என் பதிவேட்டுக்காகப் பதினான்கு பொய்களை எழுதிய நீ, பதினைந்தாவது பொய்யை எழுதவில்லை. நான் நலம் என்று எழுதவில்லை. உன்னால் முடியவில்லை. மே மாதம் தராசுக்கு முன்னால் முடியாமற்போனது போலவே.

செப்டம்பர் கூட்டத்தில் பதிவேட்டை வாசிப்பேன். நூற்று முப்பத்தாறாவது மாதத்தில் எண்கள் இருக்காது. அந்த வரிசையில் ஒரே சொல்லை எழுதியிருக்கிறேன்: உறக்கம். என் வீட்டில் நடக்காது என்று நான் எழுதிய காரியத்தை என் தங்கை எப்படிச் செய்தாள், பதினான்கை உறங்க வைத்துப் பதினான்கையும் எப்படி எழுப்பினாள் என்பதை அங்கே எழுந்து நின்று சொல்வேன். பதினொரு ஆண்டுகளில் நான் செய்த எதுவும் அதற்கு ஈடாகாது. இதற்குச் சங்கத்தின் ஒப்புதல் தேவையில்லை, உன் ஒப்புதல் தேவை.

மே 27 கடிதத்தைத் திருப்பி அனுப்பு, அல்லது நீதிபதியின் முன் வை. அதை அவர் முழுவதுமாகத் தின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அண்ணி துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அங்கே இருப்பாள். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வருமுன் அவள் வந்துவிடுவாள்.

இப்போது கேட்கிறேன். நலமா? கேள்வி ஒன்றுதான். விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

பெரியவன்

*

ஜூலை 1

அண்ணனுக்கு,

நலம்.

எழுதிட்டு ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். உண்மைதான்.

நத்தை வயித்துலயும் முத்துப் பிறக்கும்னு சொல்வாங்க. என் வயித்துல பிறந்தது முத்து இல்ல, கட்டி. எலுமிச்சம்பழ அளவு. மார்ச் 24 போனேன், ஏப்ரல் 29 வந்தேன். நடுவுல ரெண்டு தடவை கத்தி வச்சாங்க, ரெண்டாவது, உள்ளே சீழ் வச்சுக் காய்ச்சல் வந்ததால. கெட்ட கட்டி இல்லன்னு மே கடைசியிலதான் சோதனை முடிவு வந்துச்சு. அது வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க கடிதம் வந்துடுச்சு. அப்புறம் எனக்கும் ரோஷம். நம்ம வீட்டுல அது உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னது?

முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்லியிருந்தா மறுநாளே வந்து நின்னிருப்பீங்க. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த நாற்காலி. அதுல உட்கார்ந்து மூணு மாசம்கூட ஆகல. எந்திரிக்க வைக்க எனக்கு மனசு வரல.

பூட்டுக்காரர்தான் கூட இருந்தார். கார்டைத் தபால்ல போட்டதும் அவர்தான். "பொய்யா எழுதுறீங்க?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "எல்லாம் கூடித்தான் இருக்கு, ஒண்ணாவது குறைஞ்ச மாதிரி எழுதுங்க, அப்பதான் நம்புவாங்க"ன்னார். பூட்டுத் திறக்கிறவர் புத்தி. நான் கேக்கல.

அங்கே படுத்துக்கிட்டு தினமும் ஒரே நினைப்புதான். கடுகோட வாயில் சரியா மூடியிருந்துச்சா? கடைசியாப் பார்த்தது அவளைத்தான், அவசரமாப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காம பெட்டியைத் திறந்தேன். நீங்க எழுதின மாதிரியே வெதுவெதுன்னு தண்ணி, துளித்துளியா. நீதிபதி முதல்ல எந்திரிச்சார். ஒவ்வொருத்தரா வந்தாங்க. பதிமூணு பேர் வந்தாச்சு. கடுகுக்காக மூணு மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சவ்வு கிழிஞ்சு ஒரு கொம்பு வெளியே வந்தப்போ, தையல் வலிக்க வலிக்கச் சத்தமாச் சிரிச்சேன். கீழேயிருந்து பூட்டுக்காரர் ஓடி வந்துட்டார்.

சங்கத்துல சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. கட்டிங் மாஸ்டர்னும் சேர்த்துச் சொல்லுங்க.

எனக்கும் ஒரு கோடு விழுந்திருக்கு. மெல்லிசா, நேரா. டாக்டர் கை நல்ல கை. அண்ணி வந்தா காட்டுவேன். நீங்க உருப்பெருக்கியைத் தூக்கிக்கிட்டு வந்துடாதீங்க.

மே 27 கடிதத்தை நீதிபதி முன்னாடி வச்சேன். முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார். அவருக்கும் கசந்திருக்கும்போல. மடிச்சுத் தொட்டி மேஜைக்கு அடியில வச்சுட்டேன், ஒரு கால் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

ஜூலை எடை, இன்னைக்குக் காலையில நிறுத்தது:

நீதிபதி 41.9
ராணி 38.8
கணக்கர் 36.0
மேஸ்திரி 37.5
டாக்டரம்மா 35.3
சோம்பேறி 40.9
சமையல்காரர் 33.6
தபால்காரர் 34.4
பியூன் 11.2
கொசுறு 9.8
சுண்டு 9.5
மிளகு 8.7
பித்தான் 8.3
கடுகு 8.4
சின்னவள் 51 கிலோ 300. மார்ச்சில் 56. மே மாதம் 47.

கடைசி எடை மளிகைக் கடை மூட்டைத் தராசுல நிறுத்தது. முத்திரை இருந்துச்சு, தேதி பார்த்துட்டுத்தான் ஏறினேன்.